முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம்: ஓவியப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், முதலாண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் புத்தகம், இதழ், விளம்பரம், அனிமேஷன், கேம் என்று பல துறைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பவர்கள். படிப்பை முடித்து வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலை தேடும்போது காட்டும் படத் தொகுப்பைப் பார்ப்பதும், அவர்கள் வரைந்ததற்குத் திருத்தம் சொல்வதும் எங்கள் வேலையிலேயே அடங்கும். அதை வைத்து உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: முதலாண்டு மதிப்பெண்ணில் பாதிக்கும் மேலானதை, படம் முடிவதற்கு முன்னால் நடக்கும் வேலைக்குக் கொடுங்கள்.

ஏன் கேட்கிறோம் என்பதற்கு, எங்கள் மேஜைக்கு வரும் போர்ட்ஃபோலியோவில் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் போதும். தோலின் மினுமினுப்பு அருமையாக இருக்கும். கூந்தலில் இழை இழையாக வெளிச்சம் விழுந்திருக்கும். ஆனால் ஆளின் கைகள் இருக்காது. ஒன்று சட்டைப் பையில், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால். பத்துப் படத்தில் எட்டு முகம் ஒரே முக்கால் திருப்பத்தில், அதுவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் புல்லோ புகையோ வந்து மறைத்துவிடும். இரண்டு பேர் ஒருவரையொருவர் தொட்டுப் பேசும் படம் ஒன்றுகூட இருக்காது. வரையத் தெரியாததை எல்லாம் ஒளித்துவைத்து, தெரிந்ததை மட்டும் மெருகேற்றிய படங்கள் அவை. மாணவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால், தவறு வரக்கூடிய இடத்தைத் தவிர்ப்பதுதானே புத்திசாலித்தனம்? ஆனால் அப்படித் தவிர்த்தது எல்லாம் முதல் வேலையிலேயே வெளியே வந்துவிடுகிறது. கதையில் பாட்டி பேரனுக்குத் தலை பின்னிவிடுகிறாள் என்று இருந்தால், கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

முதலில் தம்ப்நெயிலைப் பற்றி, அதாவது படத்தின் அமைப்பை முடிவு செய்ய முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் சின்னஞ்சிறு வரைவைப் பற்றிப் பேசிவிடுகிறோம். ஒரு படத்தின் நல்லது கெட்டது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பதால் இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

அச்சில் வரவேண்டிய பக்கம் 200 × 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தம்ப்நெயில் கட்டம் 40 × 50 மில்லிமீட்டராக இருக்க வேண்டும், அதாவது அதே 4:5 விகிதம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்ட பிறகே வரையத் தொடங்க வேண்டும். இதைச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மாணவர்கள் கைபோன போக்கில் ஒரு சதுரமோ நீள்சதுரமோ போட்டு அதற்குள் அழகாக அமைத்துவிடுவார்கள். பெரிதாக்கும்போது பக்கம் வேறு விகிதம். இரண்டு ஓரத்திலும் வெற்றிடம் விழும், அல்லது தலையும் காலும் வெட்டுப்படும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு மரம், ஒரு நாய். படத்துக்குச் சம்பந்தமில்லாத மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

ஓர் ஏ4 தாளில் இந்த அளவில் 12 கட்டங்கள் தாராளமாக அடங்கும். ஒன்றுக்கு மூன்று நிமிடம், மொத்தம் 36 நிமிடம். கருவி தடியாக இருக்கட்டும். மொட்டையாகத் தேய்ந்த 4பி பென்சிலோ பிரஷ் பேனாவோ போதும். கூர்மையான முனை கையில் இருந்தால் கண்ணும் மூக்கும் வரையத்தான் தோன்றும். ‘மழையில் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட சிறுமி’ என்று கொடுத்துப் பாருங்கள். முதல் நான்கு கட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோல்தான் வரும்: நடுவில் சிறுமி, பின்னால் போகும் பேருந்து, நம் கண்மட்டத்தில் பார்வை. ஐந்தாவதில் கை நின்றுவிடும். ஆசிரியர் தேவைப்படுவது சரியாக அந்த நேரத்தில். பொதுவாக “வித்தியாசமாக யோசி” என்று சொல்வதால் எதுவும் நடக்காது. எதை மாற்றுவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுத்த மூன்று கட்டத்தில் பார்வை உயரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: தரையோடு தரையாக, மாடி ஜன்னலிலிருந்து, பேருந்துக்குள்ளிருந்து. அதற்கடுத்த மூன்றில் சிறுமியின் அளவை மட்டும்: கட்டத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காக, பாதியாக, கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக. கடைசி இரண்டில் வெளிச்சத்தை மட்டும். இப்படி வரும் 12-இல் எட்டு தேறாது. தேறாதவற்றை ஏன் தள்ளினோம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதவைத்தால், அந்த எட்டும் வீணாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தம்ப்நெயிலையும் சேர்த்து ஒப்படைக்கச் சொன்னால், படத்தை முடித்துவிட்டு முந்தின இரவு உட்கார்ந்து ‘தம்ப்நெயில்’ தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: எல்லாம் சுத்தமாக இருக்கும், எல்லாமே முடிந்த படத்தின் குட்டிப் பிரதிகளாக இருக்கும், ஒன்றுகூடப் பாதியில் நின்றிருக்காது. இதைத் தடுக்க ஒரே வழி, வகுப்பிலேயே வரையவைத்து அன்றைக்கே வாங்கித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பது.

மதிப்பெண் போடும்போது எதைப் பார்ப்பது? தாளை ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். தலைப்பு தெரியாத இன்னொரு மாணவரைக் கூப்பிட்டு மூன்று விநாடி பார்க்கச் சொல்லுங்கள். யார், எங்கே, என்ன நடக்கிறது, இந்த மூன்றில் எத்தனை அவர் வாயிலிருந்து வருகிறது? பிறகு ஆள்களின் உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நிழலுருவமாகப் பார்த்தாலும் கை எது, குடை எது என்று பிரிந்து தெரிய வேண்டும். விளிம்புகள் உரசும் இடங்களையும் தேடுங்கள். குடையின் நுனி பேருந்துக் கூரைக் கோட்டை அப்படியே தொட்டுக்கொண்டு நின்றால் எது முன்னால் எது பின்னால் என்று கண் தடுமாறும். ஒன்று தெளிவாக மேலேறி மறைக்க வேண்டும், அல்லது தெளிவாக விலக வேண்டும். கதையின் எழுத்து வரவேண்டிய இடம் முதல் கட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வரைந்து முடித்த வானத்தில் கடைசி நிமிடத்தில் எழுத்தைத் திணித்தால் படமும் கெடும், எழுத்தையும் படிக்க முடியாது.

தேர்ந்தெடுத்த கட்டம் அடுத்துப் போக வேண்டிய இடம் டோன், அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்ற அளவு. நிறத்துக்கு இன்னும் நேரமாகவில்லை. தாளின் வெள்ளை, ஒரே ஒரு சாம்பல் மார்க்கர், கறுப்பு, இந்த மூன்றே டோனில் படத்தைச் சொல்லவைக்க வேண்டும். மூன்றையும் சம அளவில் பரப்பினால் படம் திட்டுத் திட்டாகச் சிதறும். ஒன்று பாதிக்கு மேல் ஆட்சி செய்யட்டும், இன்னொன்று அதற்கடுத்து, மூன்றாவது கொஞ்சமே கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் கண் போகும். சிறுமி முக்கியம் என்றால் ஆக வெளிச்சமும் ஆக இருட்டும் அவளருகில் மோத வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஊட்டுங்கள். கண்ணைச் சுருக்கும்போது சின்னச் சின்ன வேறுபாடுகள் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். படத்தின் எலும்பு அது.

கணினியில் வரைபவர்கள் டோனைச் சோதிக்க நிறச் செறிவை முழுக்கக் குறைத்துப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். ஃபோட்டோஷாப்பில் டீசாச்சுரேட் கட்டளை கொடுத்தால் பளிச்சென்ற மஞ்சளும் அடர்ந்த நீலமும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். நம் கண்ணுக்கோ மஞ்சள் வெளிச்சம், நீலம் இருட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் (தனி அடுக்கு) வைத்து, கறுப்பால் நிரப்பி, அது கீழே உள்ளதோடு கலக்கும் முறையான பிளெண்டிங் மோடை ‘கலர்’ என்று மாற்றினால் கண்ணுக்குத் தெரியும் டோனை ஒட்டியே வரும். ஒரு நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுக்காததால் மாதக்கணக்கில் தவறான சோதனையை நம்பி வரைகிறார்கள்.

உருண்டைக்கு நிழலடிக்கும் பயிற்சி எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ஆனால் உருண்டைக்கு முன்னால் பெட்டி வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெட்டிக்கு நம் பக்கம் மூன்று முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு டோன். எந்த முகம் வெளிச்சத்தைப் பார்க்கிறது, எது திரும்பியிருக்கிறது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும், தேய்த்து மழுப்ப முடியாது. உருண்டையில் முடியும். அதனால்தான் மாணவர்களுக்கு உருண்டை பிடிக்கிறது. பெட்டி கைவந்த பிறகு உருண்டைக்கு வரலாம். அங்கே வழக்கமாக வரும் தவறு எதிரொளி: தரையிலிருந்து நிழல்பக்கத்தின் மேல் திரும்பி விழும் மங்கல் வெளிச்சம். அதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஒளிப்பக்கத்தைவிட வெளிச்சமாக்கிவிடுவார்கள். உருண்டை உடனே தகரக் கிண்ணம்போல் ஆகிவிடும். நிழல்பக்கத்தில் உள்ள எதுவும் ஒளிப்பக்கத்தில் உள்ள எதையும்விட இருட்டாகவே இருக்க வேண்டும் என்று விதியாகவே சொல்லுங்கள். விதிவிலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே விழும் நிழலின் விளிம்பு பொருளைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கும். முதல் எட்டு வாரம் விரலால் தேய்ப்பதையும் ஏர்பிரஷ்ஷையும் தடை செய்வது நல்லது.

மனித உருவத்துக்கு வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் கட்டாயம் வேண்டும். மாடலுக்கு வசதி இல்லையென்றால் மாணவர்களே முறைவைத்து உடையோடு நிற்கலாம். புகைப்படம் இதற்கு மாற்றாகாது. கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது, எதை விடுவது எதை எடுப்பது என்ற தீர்மானம் மாணவர் கையில் வருவதே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 30 விநாடி நிலைகள் 20, ஒரு நிமிடம் 10, இரண்டு நிமிடம் 10, ஐந்து நிமிடம் 4, இடைவேளை 20 நிமிடம், பிறகு 20 நிமிட நிலைகள் 2. தலையில் தொடங்கிக் கீழே இறங்குவது மாணவர்களின் வழக்கம். பாதத்துக்கு வரும்போது தாள் முடிந்திருக்கும், அல்லது நேரம் முடிந்திருக்கும். தாளில் முதலில் உச்சிக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு, நடுவில் இடுப்பெலும்பின் அடிப்பகுதிக்கு ஒரு கோடு. நிற்கும் பெரியவர் உடலின் பாதி ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. இந்த மூன்று கோடு போட்டுவிட்டால் கால் வெட்டுப்படாது.

ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு மேலேறும், தோள் அதே பக்கம் கீழிறங்கும். கழுத்துக்குழியிலிருந்து குண்டு கட்டிய ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் விழும். மாணவரின் படத்தில் ஆள் சாய்ந்து விழுவதுபோல் தெரிந்தால் முதலில் இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இடுப்பும் தோளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும், கோடு இரண்டு காலுக்கும் வெளியே போவதும் தெரியும்.

குழந்தையை வரையச் சொன்னால் குள்ளமான பெரியவர் வந்து நிற்பார். பெரியவருக்குத் தலையின் உயரத்தைப்போல் ஏழரை மடங்கு உடல் என்ற ஒற்றைக் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்திருப்பதால் வரும் வினை இது. ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய நான்கு தலை உயரம்தான். கண்ணும், பெரியவருக்குத் தலையின் சரிபாதியில் இருப்பது, குழந்தைக்குப் பாதிக்குக் கீழே இருக்கும். நெற்றி பெரிது, தாடை சிறிது. சிறுவர் புத்தக வேலைக்குப் போக விரும்பும் மாணவர்கள் ஒன்று, மூன்று, ஆறு, பத்து வயதுகளை ஒரே கோட்டில் நிறுத்தி உயரப் பட்டியல் ஒன்று வரைந்து வைத்திருக்க வேண்டும். கைக்கு ஒரு சொல்: விரல்களில் தொடங்க விடாதீர்கள். உள்ளங்கையை ஒரு தட்டைப் பெட்டியாகவும் நான்கு விரல்களைச் சேர்த்து ஒரே கட்டியாகவும் கட்டைவிரலைத் தனி ஆப்பாகவும் அமைத்த பிறகே விரல்களைப் பிரிக்க வேண்டும்.

தொலைவைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பாடத்தில், இணைகோடுகள் தொலைவில் சேர்வதுபோல் தெரியும் இரண்டு மறைபுள்ளிகளைத் தாளுக்குள்ளேயே வைத்துப் பெட்டி வரையச் சொல்லிக் கொடுக்கிறார்கள். புள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் பெட்டியின் முன்மூலை கத்தி முனையாகக் கூர்ந்து கோணலாகும். ஒரு புள்ளியாவது தாளுக்கு வெளியே, பக்கத்தில் ஒட்டிய இன்னொரு தாளில் இருக்க வேண்டும். இதைவிட முக்கியம், பார்ப்பவரின் கண் உயரத்தில் குறுக்கே போகும் கண்மட்டக் கோடு. சமதரையில் நிற்கும், ஒரே உயரமுள்ள ஆள்கள் எவ்வளவு தொலைவில் நின்றாலும், அந்தக் கோடு எல்லோரையும் உடம்பின் அதே இடத்தில்தான் வெட்டும். முன்னால் நிற்பவரை மார்பில் வெட்டினால், 50 மீட்டர் தள்ளி நிற்பவரையும் மார்பில்தான் வெட்டும். இந்த ஒரு விதி தெரியாததால் கூட்டக் காட்சிகளில் சிலர் அந்தரத்தில் மிதக்கிறார்கள், சிலர் குழியில் நிற்கிறார்கள். இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு: உட்கார்ந்திருக்கும் வகுப்பறையை மூன்று காலி நாற்காலிகளோடு பார்த்து வரைந்துவிட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் ஆளை மனத்திலிருந்து உட்காரவைப்பது.

ரெஃபரன்ஸ் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்ற எண்ணம் இன்னும் சில வகுப்புகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் களையுங்கள். தொழிலில் எல்லோரும் பார்த்துத்தான் வரைகிறோம். எப்படிப் பார்ப்பது என்பதைப் பாடமாக்குங்கள். ஒரே புகைப்படத்தை அப்படியே நகலெடுத்தால் அதை எடுத்தவரின் உரிமைப் பிரச்சினை வரும், அதோடு வெளிச்சம், கோணம், வெட்டு எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டார் என்பதால் மாணவர் கற்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது. ரஃப் என்னும் முன்வரைவு தயாரான பிறகு, அதற்கேற்ற நிலையில் நண்பரை நிறுத்தித் தாமே படமெடுப்பதுதான் சரியான வரிசை. ஃபோனை முகத்துக்கு அரை மீட்டரில் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். விளக்கும் படத்தில் வெளிச்சம் வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நிறத்தை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளலாம். தொடங்கும்போது 24 குப்பி வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் நான்கு நிறமே போதும்: யெல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சள், வெர்மிலியன் அல்லது காட்மியம் ரெட் என்னும் சிவப்பு, ஐவரி பிளாக் என்னும் கறுப்பு, வெள்ளை. நீலம் இல்லையே என்று தவிப்பார்கள். கறுப்போடு வெள்ளை கலந்த சாம்பலை ஆக்கருக்கும் சிவப்புக்கும் நடுவில் வைத்தால் அதுவே நீலமாகத் தெரியும். நிறம் என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எத்தனை விரிவுரை எடுத்தாலும் இந்த ஒரு பயிற்சிக்கு ஈடாகாது.

டிஜிட்டல் கருவிகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல, அன்றாடம் அதில்தான் வேலை செய்கிறோம். ஆனாலும் முதல் 12 வாரம் தாளில் கையால் வரைவது மட்டும் இருக்கட்டும் என்கிறோம். அண்டூ பொத்தான் இருக்கும்போது கோடு போடுமுன் யோசிப்பதற்கு அவசியம் இல்லாமல் போகிறது. ஜூம் இன்னும் மோசம்: 400 சதவீதத்தில் வைத்துக் கண்ணிமைகளை ஒவ்வொன்றாக வரைவார்கள், அச்சில் அந்த முகமே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். கணினிக்கு வந்த பிறகு முதல் பாடம் பிரஷ் வகைகளாக இருக்கக் கூடாது, கோப்பின் அளவாக இருக்க வேண்டும். சமூக ஊடகத்துக்கென்று 1080 × 1080 பிக்சலில் தொடங்கிய படத்தை 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட்டால் 9 சென்டிமீட்டர் சதுரம்தான் வரும். அதை ஒரு முழுப் பக்கத்துக்கு இழுத்தால் பிசிறடிக்கும். ஏ4 பக்கத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (அச்சிட்டபின் வெட்டி எடுக்கப்படும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 216 × 303 மில்லிமீட்டர், 300 பிபிஐ-யில் 2551 × 3579 பிக்சல். இந்தக் கணக்கை மாணவர் கையால் போட்டுப் பழக வேண்டும். ப்ளீட் விடாத படத்தில் வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தில் முகம் நடு மடிப்பில் விழுந்தால் பைண்டிங் அதை விழுங்கிவிடும்.

அச்சு விஷயத்தில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. திரையில் ஒளிரும் பச்சையும் மின்னும் நீலமும் அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கே-யில் மங்கிவிடும், அந்த வெளிச்சம் மையால் வராது. படம் முடிந்தபின் மாற்றிப் பார்த்து அதிர்வதைவிட, வண்ண ரஃப் கட்டத்திலேயே மாற்றிப் பார்த்துவிட வேண்டும். கறுப்புக் கோட்டைத் திரையின் நிற முறையான ஆர்ஜிபி-யில் வரைந்து அப்படியே மாற்றினால் அது நான்கு மையாகப் பிரியும். அச்சுத் தகடுகள் சற்றே விலகினாலும் மெல்லிய கோட்டைச் சுற்றி வண்ணப் பிசிறு தெரியும். கோட்டைத் தனி லேயரில் வைத்து, கறுப்பு மையில் மட்டும் அச்சாகும்படி தயாரிக்கக் கற்றுக்கொடுங்கள். மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு படத்தையாவது தாளில் அச்சிட்டுத் தன் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவை தானாகப் புரியும்.

இனி, ப்ரீஃப், அதாவது வேலை கொடுப்பவர் எழுதித் தரும் குறிப்பு. வகுப்பில் ‘தனிமை’ என்று ஒற்றைச் சொல் தலைப்பு கொடுக்கிறார்கள். வெளியில் அப்படி யாரும் வேலை கொடுப்பதில்லை. யாருக்கான படம், அச்சு அளவு என்ன, எத்தனை வரி எழுத்து எந்த இடத்தில், ரஃப் எப்போது, ஃபைனல் எப்போது, எத்தனை முறை திருத்தம் என்று எழுதிக் கொடுங்கள். எதையாவது வேண்டுமென்றே விட்டுவிடுங்கள், மாணவர் கேட்கிறாரா என்று பார்க்க. கேட்டால் அதற்கும் மதிப்பெண். பாதி வழியில் ஒரு மாற்றமும் சொல்லுங்கள்: எழுத்து இரண்டு வரி கூடிவிட்டது, அல்லது பக்கம் நின்றவாக்கிலிருந்து படுத்தவாக்குக்கு மாறிவிட்டது. ரஃப் கட்டத்தில் இந்த மாற்றம் அரை மணி நேர வேலை. எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்து முடித்தவருக்கு முதலிலிருந்து வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நகர வேண்டும் என்பதை எவ்வளவு சொன்னாலும் புரியாதவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தில் புரிந்துவிடும்.

உரிமை பற்றிய பாடத்தையும் கடைசி ஆண்டு வரை தள்ளாதீர்கள், முதலாண்டிலேயே சிலர் பணத்துக்கு வரையத் தொடங்கிவிடுகிறார்கள். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், வரைந்தவருக்குப் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுப்பதற்கும், இன்ன ஊடகத்தில் இத்தனை ஆண்டுக்கு இந்தப் பகுதிக்குள் பயன்படுத்த அனுமதி கொடுப்பதற்கும் மலையளவு வித்தியாசம். வேலை பாதியில் கைவிடப்பட்டால் எவ்வளவு பணம், திருத்தம் கணக்கை மீறினால் எவ்வளவு என்ற இரண்டு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது என்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பெண் பங்கீட்டுக்கு எங்கள் யோசனை: 100-இல் தம்ப்நெயிலுக்கு 25, நேரில் பார்த்து வரைந்த பயிற்சிக்கும் ரெஃபரன்ஸுக்கும் 15, டோன் ரஃப்புக்கு 20, மாற்றத்தைக் கையாண்ட விதத்துக்கு 10, முடிந்த படத்துக்கு 30. ஆசிரியருக்கு வேலை கூடும் என்பது நியாயமான கவலை. அதற்குச் சுவர் விமர்சனம் உதவும். 25 பேர் தாளையும் ஒரே சுவரில் ஒட்டி, ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் நிமிடம் வரைந்தவர் பேசக் கூடாது. மற்றவர்கள் “நன்றாக இருக்கிறது” என்று சொல்வதற்கும் அனுமதி இல்லை, தங்கள் கண்ணுக்குப் படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். சிறுமி அழுகிறாள் என்று வரைந்தவர் நினைத்திருக்க, ஐந்து பேர் சிரிக்கிறாள் என்று சொன்னால், திருத்த வேண்டிய இடம் எது என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை.

ஆண்டு இறுதிக் கண்காட்சியில் வைக்க முடிந்த படங்கள் குறைந்துவிடும் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். குறையத்தான் செய்யும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் 12 கட்டத் தாளையும் டோன் ரஃப்பையும் மாட்டுங்கள். வேலைக்கு ஆள் தேடி வரும் ஆர்ட் டைரக்டர்கள் அந்தத் தாளின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள், ஏனென்றால் அடுத்த வேலையை இந்த மாணவர் எப்படிச் செய்வார் என்பது அதில்தான் தெரியும்.

வரும் கல்வியாண்டில் முழுப் பாடத்திட்டத்தையும் மாற்ற இயலாவிட்டால், முதல் பருவத்தில் ஒரே ஒரு பயிற்சியை இந்த முறையில் நடத்திப் பாருங்கள். தேவையான பொருள்: ஏ4 தாள், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கார்ட்ரிட்ஜ் தாள் என்னும் தடித்த ஓவியத் தாள் கொஞ்சம், எச்பி, 2பி, 4பி பென்சில், ஒரு பிரஷ் பேனா, ஒரு சாம்பல் மார்க்கர், ஒரு ஸ்கேல். அந்த முதல் சுவர் விமர்சனத்துக்கு நீங்கள் அழைத்தால் எங்களில் இரண்டு பேராவது வந்து உட்காருவோம், மதிப்பெண் தாளை உங்களோடு சேர்ந்து நிரப்பவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தொழில்முறையில் படம் வரைவோர்